ஓலை வாசித்த ஞாயிறும் ஒட்டு மீசையும்

பெண் பார்க்கப் போன இடத்தில் பொய் சொல்லாத ஆம்பிளை இன்னும் பிறக்கவில்லை. சிலர் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள், சிலர் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். என் கூட்டாளி ஒருவன் தனக்குப் பாகற்காய் என்றால் உயிர் என்று சொல்லிவைத்துவிட்டு, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வாராவாரம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பாகற்காய் தின்கிறான். அவனோடு ஒப்பிட்டால் நான் சொன்னது சின்னப் பொய். ஒரு சினிமாவைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் பொய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயில் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர்கள் வழியாகத் தூத்துக்குடிக் கடற்கரை வரைக்கும் கேட்டதுதான் கொஞ்சம் கூடுதலாகிப் போய்விட்டது.

அப்போது நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலின் மைக்செட் என் பொறுப்பு. (சம்பளம் கிடையாது, மரியாதையும் கிடையாது. மைக் கூவினால் மட்டும் கோயிலே திரும்பி என்னைப் பார்க்கும்.) அனிட்டா வீடு எங்கள் தெருவிலிருந்து ரெண்டு தெரு தள்ளி. கணக்கு டீச்சர். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசினால் இப்போதும் கப்பல் தட்டில் நிற்கிறவனுக்குச் சொல்கிற மாதிரிதான் பேசுவார்.

பெண் பார்க்கப் போன அன்று எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். நான் தொண்டையைச் செருமி, வானிலை பற்றித் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் உசிரான பழைய படம் ஒண்ணு உண்டு. நீங்க பாத்திருக்கியளா?" என்று படத்தின் பெயரைச் சொன்னாள்.

"அதையா? ஆறேழு தடவ பாத்திருக்கேன்!" என்றேன்.

உண்மை என்னவென்றால், அந்தப் படம் ஒரு கிறிஸ்மஸ் விடுமுறையில் டிவியில் ஓடியபோது முதல் பாட்டுக்கு முன்னாலேயே நான் நாற்காலியில் தூங்கிப்போனேன். விழித்தபோது வணக்கம் போட்டிருந்தார்கள். தொடக்கம், முடிவு இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் நடுவில் உள்ளதையும் பார்த்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அனிட்டா அடுத்ததாகக் கதாநாயகியின் பெயரைக் கேட்டாள். நான் பலகாரத் தட்டிலிருந்த முந்திரி மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பேச முடியாதவன்போலக் கையை மட்டும் ஆட்டினேன்.

செய்தி அவள் அப்பாவுக்குப் போனது. மாமா வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நம்ம ஆளுவே! வீட்டுக்கு ஏத்த மாப்பிள்ள!" என்றார். அவரும் மாமியும் கல்யாணமான மறுநாள் கொட்டகையில் பார்த்த படமாம் அது. அன்றிலிருந்து வருஷா வருஷம் குடும்பத்தோடு பார்க்கிறார்களாம். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருகிறவன், முதல் ஓலை வாசிக்கிற ஞாயிறு மத்தியானம் விருந்துக்கு வர வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். கடைசிக் காட்சியில் டிவி சத்தத்தை அமர்த்திவிடுவார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்று அந்த வசனத்தைப் பேச வேண்டும்.

"எந்த வசனம் மாமா?"

"என்ன மாப்பிள்ள, ஆறேழு தடவ பாத்துட்டு இப்படிக் கேக்கிய! பொண்டாட்டி வசனந்தான்! பொண்டாட்டி பேசுதத புருஷன் நிண்ணு ஒருக்கப் பேசிப் பாத்தாத்தான் குடும்பம் ஒழுங்கா ஓடும்."

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடிக் கதையை மட்டும் தெரிந்துகொண்டேன். புதிதாகக் கல்யாணமான ஒருத்தன், கறாரான பெரியப்பாவுக்குப் பயந்து தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லிவிடுகிறான். பெரியப்பா இன்னொரு பெண்ணைப் பார்த்துவிடுகிறார். மனைவி அவன் தன்னை வேண்டாமென்று ஒதுக்குகிறான் என்று நினைத்துக்கொள்கிறாள். கடைசியில் மீசை ஒட்டி, கோட்டுப் போட்டு, ஆம்பிளை வேஷத்தில் மணமேடைக்கு வந்து கையை உயர்த்திக் கத்துகிறாள்: "நிறுத்துங்கள்! இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது! இந்த மனிதர் என் கணவர்!" உடனே பெரியப்பா, "என்னது! மீசை வைத்தவனுக்குக் கணவனா?" என்று மயங்கி விழுவார். அந்த ஒரு காட்சியை மட்டும் போனில் இறக்கி வைத்துக்கொண்டேன். மீசை ஒட்டிக்கொண்டுதான் பேச வேண்டுமாம். (எனக்கு ஏற்கெனவே மீசை உண்டு. அதன் மேலேயே இன்னொன்று.)

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கல்யாணங்களில், முந்தைய மூன்று ஞாயிறும் பூசை முடிகிற நேரத்தில் சாமியார் மாப்பிள்ளை, பெண் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்வார். அதன்பிறகு ஒரு நிமிஷம் அமைதி. எங்கள் பங்கில் அந்த அமைதியில் இதுவரை குழந்தைகள் அழுததைத் தவிர வேறு தடை எதுவும் எழுந்ததில்லை. ஓலை வாசிக்கிற அன்று அனிட்டா வீட்டு வழக்கப்படி பெண் கோயிலுக்கு வர மாட்டாள். ஆனால் வீட்டில் இருந்தே கேட்கலாம். கோபுரத்து ஸ்பீக்கர் அவர்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்துத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைக்செட்டுக்குப் பழைய பெட்டியே போதும் என்றுதான் பங்குப் பேரவையில் சொன்னார்கள். நான்தான் எழுந்து நின்று, காலம் மாறிவிட்டது, புளூடூத் உள்ள மிக்சர் வேண்டும், போனிலிருந்தே பாட்டுப் போடலாம் என்று பிரசங்கம் செய்து வாங்க வைத்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. பூசை முழுக்க ஒழுங்காக இருந்தேன், சாட்சிக்கு ஆள் உண்டு. அறிவிப்பு நேரம் வந்ததும் மிக்சருக்குப் பின்னால் தூணோரம் ஒதுங்கி, காதில் சின்ன இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு கடைசியாக ஒருமுறை வசனத்தைக் கேட்கலாம் என்று தொடங்கினேன். மத்தியான விருந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எனக்கோ 'கூடாது'வுக்குப் பிறகு என்ன வரும் என்பது ஒவ்வொரு தடவையும் மறந்துகொண்டிருந்தது. பாதியில் சத்தம் நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. மறுபடி அமுக்கினேன். கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். கேட்கவில்லை. இன்னும் கூட்டினேன். இயர்பட்ஸை இழந்த என் போன், தனக்குத் தெரிந்த அடுத்த நண்பனான மிக்சரைத் தேடிப் போய்க் கைகோத்துக்கொண்டிருந்தது.

சாமியார் அப்போதுதான் என் பெயரையும் அனிட்டா பெயரையும் வாசித்து, "தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்" என்று முடித்து, தலையைக் குனிந்து நின்றார்.

"நிறுத்துங்கள்!" என்றது கோயில்.

கோயிலின் எல்லாச் சுவர்களிலிருந்தும் ஒரு பெண்ணின் குரல். "இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது! இந்த மனிதர் என் கணவர்!"

நான் பாய்ந்து போய் மெயின் ஒயரையே பிடுங்கிவிட்டேன். உடனடியாகச் செயல்பட்டேன் என்று கொஞ்ச நேரம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த நிசப்தத்தில் முன்வரிசையிலிருந்து என் மாமனார், இத்தனை வருஷப் பழக்கத்தில், தன்னை அறியாமல் எழுந்து கையை நீட்டி முழங்கினார்: "என்னது! மீசை வைத்தவனுக்குக் கணவனா?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தடை எழுப்புன அம்மா யாரா இருந்தாலும் பூசை முடிஞ்சதும் பங்களாவுக்கு வரட்டும்" என்றார். எங்கள் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, "ஏலே, யாருலே அவ?" என்று கேட்டாள்.

மாமா விளக்கினார். நான் போனைத் தூக்கிக் காட்டினேன். கோயிலே சிரித்தது. சாமியார்கூட வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கினார். இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் நான் செய்த காரியம் புரிந்தது. ஒயரைப் பிடுங்கியதால் வெளி ஸ்பீக்கர்களும் அணைந்துபோயிருந்தன. உள்ளே நடந்த விளக்கமும் சிரிப்பும் வெளியே யாருக்கும் கேட்கவில்லை. மீன் வாங்க நின்றவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள், வலை காயப்போட்டவர்கள் எல்லாரும் கேட்டது இவ்வளவுதான்: என் பெயர், அனிட்டா பெயர், தடை உண்டா என்ற கேள்வி, 'என் கணவர்' என்று ஒரு பெண்ணின் அலறல், அப்புறம் அமைதி.

அனிட்டா வீட்டுக்கு ஓடினேன். டீக்கடை அண்ணாச்சி கிளாஸோடு வெளியே வந்துவிட்டார். "ஏலே அமலு, எங்கன ஓடுத? அந்தப் பிள்ளைய என்னல செய்யப் போற?"

"எந்தப் பிள்ள அண்ணாச்சி?"

"இடுப்புல ஒரு கைப்பிள்ளையோட வந்து நிக்காளாமே!"

நான் தெருவைத் திரும்புவதற்குள் கைப்பிள்ளை இரண்டாகிவிட்டது. அனிட்டா வீட்டு வாசலில் பாதித் தெரு நின்றது. நடுவில் பக்கத்து வீட்டு பிலோமி அக்கா, எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள்போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். (அவள் அந்த நேரம் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.) உள்ளே மாமி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் கத்திய நேரம் அவர் விளமீன் குழம்புக்கு மிக்சியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்ததால் அந்தக் குரல் அவர் காதில் விழவில்லை. பிலோமி அக்காவின் பதிப்பைத்தான் முழுசாகக் கேட்டிருக்கிறார்.

அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அனிட்டா சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள். "பாவம், பிள்ளைக்குச் சித்தம் கலங்கிட்டு" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அவள் நெற்றியில் தண்ணீர் தெளித்தாள். நான் கிட்டே போனதும் அவள் முந்தானையை எடுத்தாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறேழு தடவ பாத்தவருக்கு எதுக்கு மனப்பாடம்?" என்றாள்.

"தூங்கிட்டேன். ஒரு தடவகூட முழுசாப் பாக்கல" என்றேன்.

"தெரியும். கதாநாயகி பேரக் கேட்டதுக்கு மக்ரூனத் திண்ணியள்லா, அப்பவே தெரியும்."

"பின்ன ஏன் சரின்னு சொன்ன?"

"பொய் சொல்லத் தெரியாதவர்னு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்துது." சிரிப்பு அடங்கி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோயில்ல வச்சுமா படிப்பாவ?"

எனக்கு அந்த நிமிஷம் அவளை ரொம்பப் பிடித்துப்போனது. முன்னாலும் பிடிக்கும்தான், ஆனால் அது போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போவது மாதிரி. இது வேறு. இந்தப் பெண்ணை விட்டுவிட்டால் என் கதி என்ன என்று முதல்முறையாகப் பயம் வந்ததும் அப்போதுதான்.

பயப்படக் காரணமும் இருந்தது. மாமா வந்து, "ஏளா, அது நம்ம படந்தான், அந்த மீச சீனு!" என்று விளக்கியதும் மாமிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் மாமி எழுந்திருக்கவில்லை.

"எனக்குப் புரியுது. ஊருக்கு யாரு சொல்லுவா? நாளைக்கு எம்பிள்ள பள்ளிக்கொடத்துக்குப் போவும்போது என்னென்ன கேப்பாவ! ஊரு வாய் அடங்கட்டும். அதுவரைக்கும் ரெண்டாவது ஓலைய வாசிக்க வேண்டாம்னு சாமிட்ட சொல்லிருங்க."

அதில்தான் சிக்கல். மூன்று ஓலையும், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குவதற்கு முன் முடிந்தால்தான் குறித்த நாளில் கல்யாணம். தவக்காலத்தில் எங்கள் பங்கில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டருக்குப் பிறகு என்றால் கப்பலில் வேலை பார்க்கும் அனிட்டாவின் அண்ணன் கிளம்பிவிடுவான், அவன் இல்லாமல் மாமி கல்யாணத்தை நடத்த மாட்டார். தள்ளிப்போன கல்யாணத்தைப் பற்றி ஊர் இன்னும் என்னென்ன சொல்லும் என்பதை நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஊர் வாய் அடங்குகிற மாதிரி தெரியவில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் என் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு, "பர்சனல் பிராப்ளம் ஏதாவதுன்னா லீவ் எடுத்துக்கோங்க" என்றார். முத்தையாபுரத்துச் சித்தி போன் போட்டு எனக்கு ஏரலில் ஒரு குடும்பம் இருக்கிறதாமே என்று விசாரித்தாள். ஏரலுக்கு நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, வாழைத்தார் வாங்கப் போயிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் அம்மா ராத்திரி சோறு போடும்போது குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லுலே, வெறும் படந்தானா?" என்று கேட்டாள்.

வழி கண்டுபிடித்தவள் அனிட்டா. கணக்கு டீச்சர் இல்லையா, தப்பு எந்த வரியில் நுழைந்ததோ அந்த வரியிலேயே போய் நின்றாள். என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனாள்.

"சாமி, அந்தப் படத்தக் கோயில் மைதானத்துல போடணும். எல்லாரையும் கூப்பிட்டு."

"கோயில் மைதானத்துல சினிமாவா?"

"தடை ஸ்பீக்கர்லதான வந்துது? பதிலும் அதுலயே போகட்டும் சாமி."

சாமியார் குரலைத் தாழ்த்தினார். "முத்தக் காட்சி கித்தக் காட்சி உண்டா?"

"மீசக் காட்சி மட்டுந்தான் சாமி" என்றார் மாமா.

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைத் துணி கட்டினார்கள். கோபுரத்து ஸ்பீக்கர்களை மைதானத்தைப் பார்த்துத் திருப்பினார்கள். மைக்செட் பக்கம் என்னை அண்டவிடவில்லை. என் போனை சாமியார் வாங்கித் தன் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூட்டம் திருவிழா மாதிரி வந்தது. கடலை வண்டிகூட வந்துவிட்டது. என்னுடைய ஏரல் மனைவியைப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு என்று நினைக்கிறேன்.

அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். எவ்வளவு நல்ல படம்! இதில் எப்படித் தூங்கினேன் என்றே தெரியவில்லை. நடுவில் ஒரு காட்சி. புருஷன் எதற்காகத் தன்னை மறைக்கிறான் என்று தெரியாமல், அந்தப் பெண் ரயில் நிலையத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அழக்கூட மாட்டாள். அனிட்டாவுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியாமல் போயிருந்தால், அன்றைக்கு அடுப்படியில் அவளும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் பக்கம் திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, நான் தூங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. திடீரென்று படத்தின் சத்தம் நின்றது. மாமா கையில் மைக்கோடும் ஒட்டு மீசையோடும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"மாமா, இங்கனயா? இத்தன பேருக்கு முன்னாலயா?"

"விருந்துதான் கெட்டுப்போச்சு. வசனமும் கெடணுமா? எந்திரிங்க மாப்பிள்ள!"

திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். என் மீசையின் மேல் அந்த மீசையை அமுக்கி ஒட்டினார். கடல்காற்றில் அது ஒருபக்கமாகக் கிளம்பி நின்றது. எனக்குப் பின்னால் வெள்ளைத் துணியில் அந்தப் பெண் கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். வாயைத் திறந்தேன்.

ஒரு எழுத்துகூட வரவில்லை. எதற்காக இத்தனை அமளியும் நடந்ததோ, எதை ஒரு வாரமாகப் படித்தேனோ, அது சுத்தமாக மறந்துபோய்விட்டது. "நி..." என்றேன். மறுபடியும் "நி..." என்றேன். மைதானம் அசையாமல் பார்த்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமி அக்கா எழுந்தாள். கையை உயர்த்தினாள். "நிறுத்துங்கள்!" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரமாகத் தெருத்தெருவாகச் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் அது மனப்பாடமாகியிருந்தது. மைதானம் மொத்தமும், ஆம்பிளை பொம்பிளை வித்தியாசம் இல்லாமல், கடலை வண்டிக்காரர் வரைக்கும், ஒரே குரலில் கத்தியது: "இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது! இந்த மனிதர் என் கணவர்!"

ஊரே சேர்ந்து என்னைப் புருஷன் என்று உரிமை கொண்டாடிய அந்தச் சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும். மாமா மைக்கைப் பிடுங்கி, "என்னது! மீசை வைத்தவனுக்குக் கணவனா?" என்று கேட்டு, படத்தில் உள்ளபடியே பின்பக்கமாக விழுந்தார். (பிடிக்க ஆள் வைத்திருந்தார்.) எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிலோமி அக்கா சுற்றிலும் பார்த்து, "படம்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா, யாரு கேட்டிய?" என்றாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நேராகச் சாமியாரிடம் போனார்.

"நாளைக்கு ரெண்டாவது ஓலைய வாசிச்சிருங்க சாமி."

வாசித்தார். மூன்றாவதையும் வாசித்தார். இரண்டு தடவையும் அந்த ஒரு நிமிஷ அமைதியில் கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு தடவையும் மிக்சரின் புளூடூத் பொத்தான் மேல் சாமியாரே தன் கையால் ஒட்டிய பிளாஸ்திரி இருந்தது.

கல்யாண நாள். பீடத்துக்கு முன்னால் நின்றோம். அனிட்டாவின் அண்ணன் பக்கத்தில் நின்றான். சாமியார் புத்தகத்தைத் திறந்து, சம்மதம் கேட்கத் தொடங்கப் போனார்.

"நிறுத்துங்க" என்றாள் அனிட்டா.

பின்னால் எங்கள் அம்மா "யேசுவே" என்றது கேட்டது. அனிட்டா பூச்செண்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"போனைக் குடுங்க."

கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை அணைத்துத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சாமியாரைப் பார்த்து, "இனி கேளுங்க சாமி, எனக்குச் சம்மதம்" என்றாள். அவர் இன்னும் கேள்வியையே கேட்டிருக்கவில்லை.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல்படியில் அவள் ஒன்றும் பேச மாட்டாள், கையை மட்டும் நீட்டுவாள். நானும் பேசாமல் போனைக் கொடுத்துவிடுவேன். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. பரவாயில்லை, இன்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று மகளைக் கூட்டிக்கொண்டு படியேறினேன். எங்கள் மகளுக்கு இன்னும் 'ற' சரியாக வராது. படியில் பாதியில் நின்றாள், என்னைப் பார்த்தாள், உள்ளங்கையை நீட்டினாள்.

"நிலுத்துங்க" என்றாள்.